கை வழுக்கவில்லை

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பூந்தமல்லியை நிர்வாகம் செய்யும் என் மகனுக்கு, அம்மா எழுதுவது. நான் நலம். நான் நலமாக இருப்பதுதான் இப்போது உனக்குப் பிரச்சினை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை நீ குடும்பக் குழுவில் போட்ட நான்கு நிமிடக் குரல்பதிவை, அவரைக்காய் நறுக்கிக்கொண்டே இரண்டு முறை கேட்டேன். "அம்மா, கல்யாணம் முடியற வரைக்கும் நீ கடல் பக்கம் போகவே கூடாது. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? இந்த மூணு வாரம் பேசாம வீட்ல இரு. அவ்ளோதான்." அறுபத்து மூன்று பேர் இருக்கும் குழுவில் பாதிப் பேர் உனக்குக் கைகூப்பினார்கள். கல்யாணம் வைத்த வீட்டில் யாரும் கடலைத் தாண்டக் கூடாது என்று ஒரு பெரியம்மா எழுதினார். நான் கடலைத் தாண்டவில்லை, கரையோரமாக அரைக் கிலோமீட்டர் நீந்திவிட்டு அதே கரைக்குத் திரும்பி வருகிறேன் என்று அவருக்குப் பதில் போட நினைத்தேன், போடவில்லை. ஏனென்றால் அடுத்த வரியில் உன் சித்தப்பா வந்துவிட்டார். "அண்ணிக்கு இப்ப நீச்சல் தெரியும். புள்ள கையப் புடிச்சுக்கத்தான் தெரியாது." அதற்குப் பதினேழு பேர் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு உன்னுடையது.

தனியாகச் சொல்லியிருந்தால் தனியாகப் பதில் சொல்லியிருப்பேன். ஊர் கூட்டித் தடை போட்டதால் ஊர் கூட்டியே எழுதுகிறேன். இது நீளமாக இருக்கும். தொலைபேசியை மேலும் கீழும் தள்ளி முடிவை மட்டும் படிக்கும் பழக்கம் உனக்கு உண்டு. இந்த முறை அப்படிச் செய்யாதே. உன் உயிரைப் பற்றிய விஷயம்.

உன் குரல்பதிவின் கடைசி அரை நிமிடத்தை யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வரும் சனிக்கிழமை காலை உனக்கும் திவ்யாவுக்கும் கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பு. இடம், கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். கரையிலிருந்து கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி நீட்டியிருக்கும் தூண்டில் வளைவின் ஓரம், சூரியன் எழும்போது, இடுப்பளவு தண்ணீரில் நீங்கள் இருவரும் நிற்பீர்கள். அவள் உடுத்தப்போகும் வெள்ளைக் கவுனின் வால் மட்டும் பதினான்கு அடி. அலை வந்து அந்த வாலைத் தூக்கும். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார்ப்பாய். புகைப்படக்காரர் மாதிரிக்கு அனுப்பிய படங்களில் இருந்த கடல் நீலக் கண்ணாடி மாதிரி இருந்தது. அது எந்த நாட்டுக் கடல் என்று எனக்குத் தெரியாது. நம் கடல் இல்லை என்று மட்டும் தெரியும்.

ஆக, நம் குடும்பத்தின் முடிவு இது. நான்கு வருடமாக நீந்தக் கற்ற அம்மா கடலுக்குப் போகக் கூடாது, அது ஆபத்து. ஒரு முழம் தண்ணீரில்கூட மிதக்கத் தெரியாத மகன், அவனுக்குத் தெரிந்தவரை அதே அளவு நீச்சலே தெரிந்த பெண்ணின் உடம்பில் பதினான்கு அடித் துணியைக் கட்டி, பாறைக்குப் பக்கத்தில் கூட்டிப் போகலாம். அது நினைவுச் சின்னம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் என்பது உனக்கு நினைவிருக்கும். விபத்து விசாரணை அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது என் வேலை. அந்த அறிக்கைகள் எல்லாமே ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். முதல் பக்கத்தில், 'காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு.' இயந்திரத்துக்கு மூடி போடாமல் எட்டு மாதம் ஓட்டினார்கள் என்பது நான்காம் பக்க இணைப்பில், சின்ன எழுத்தில் இருக்கும். விரல் போனவரைத் தவிர அறையில் இருந்த எல்லோரும் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடுவார்கள். இத்தனை வருடம் அதைத் தட்டியவளுக்கு, தன் வீட்டு விபத்துக்கும் அதே மாதிரி ஓர் அறிக்கை எழுதப்பட்டபோது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் கையெழுத்துப் போட்டேன். அதைத்தான் இன்று திருத்துகிறேன்.

உனக்கு அப்போது எட்டு வயது. அம்பத்தூரில் நாம் குடியிருந்த மாடியில் மூன்று குடும்பங்கள். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். நீ படமெடுக்கப் போகும் இதே குப்பம்தான். அன்று தூண்டில் வளைவு புதிதாகப் போட்டிருந்தார்கள். கடலில் இறங்கும்போது நம் ஆட்கள் செய்வதை நாமும் செய்தோம். கை கோத்தோம். பதினோரு பேர், கரைக்கு இணையாக, வரிசையாக. நம்மில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. ஆனால் பதினோரு பேர் கை கோத்தால் ஒரு நீச்சல்காரர் உருவாகிவிடுவார் என்று நாம் எல்லோரும் மனதார நம்பினோம். ஒருவன் விழுந்தால் பத்துப் பேர் பிடித்துக்கொள்வார்கள் என்பது கணக்கு. ஒருவன் போனால் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போவான் என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

பாறைப் பக்கத்துக் கோடியில் உன் சித்தப்பா. இந்தக் கோடியில் நீ. உனக்கு அடுத்து நான். எனக்கு அடுத்து உன் அப்பா. சித்தப்பாவுக்கு முழங்கால் அலை போதவில்லை. "பெருசா வர்ற அலைல நிக்கணும்டா! வாங்க, வாங்க!" என்று வரிசையை உள்ளே இழுத்துக்கொண்டே போனார். பாறையை ஒட்டி ஓர் இடத்தில் அலையே உடையாமல் தண்ணீர் அமைதியாக, கொஞ்சம் கறுப்பாக இருந்தது. "இங்க பாருங்க, குளம் மாதிரி இருக்கு," என்றார். அதுதான் அவர் நின்றபடி பேசிய கடைசி வாக்கியம்.

கடலில் அலை உடையாமல் சாதுவாகத் தெரியும் இடம்தான் கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிப் போகும் வழி என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். பாறையை ஒட்டி அது இன்னும் வேகமாகப் போகும். அங்கே மணலும் அரித்துக் குழியாகியிருக்கும். சித்தப்பா குழியில் கால் வைத்தார். அவர் கையைப் பிடித்திருந்தவர் சாய்ந்தார். அவரைப் பிடித்தவர், அவரைப் பிடித்தவர் என்று சரம் அவிழாமல் அப்படியே உள்ளே போக ஆரம்பித்தது. அலறினார்களே தவிர ஒருவரும் கையை விடவில்லை. பாசம் அப்படி. உன் அப்பாவுக்குக் கழுத்து வரை வந்துவிட்டது. எனக்கு மார்பு வரை. என் காலுக்கடியில் மணல் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். உனக்கு அப்போதும் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர். நீ பின்னால் சாய்ந்து, முழு பலத்தோடு என் கையை இழுத்துக்கொண்டிருந்தாய். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தாய். உண்மையில் நான்தான் உன்னை அடி அடியாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன்.

உன் கையை விட்டேன்.

இருபத்திரண்டு வருடமாக நான் சொல்லி வந்தது, "ஈரக் கை, வழுக்கிடுச்சு." பொய். வழுக்கவில்லை. உன் விரல்கள் என் விரல்களைக் கொக்கி மாதிரி பிடித்திருந்தன. உன் கட்டைவிரலை என் கட்டைவிரலால் நிமிர்த்தி, விலக்கி, விட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் விட்டேன். நீ பின்பக்கமாக விழுந்தாய். அலை உன்னைப் புரட்டிக் கரையில் போட்டது. தண்ணீர் குடித்தாய், முழங்கை தேய்ந்தது, இருமிக்கொண்டே எழுந்து நின்று, அம்மா உன்னை விட்டுவிட்டுக் கடலுக்குள் போவதைப் பார்த்தாய். அதுதான் நீ பார்த்தது. அதற்கு மேல் பார்க்க உனக்கு வயதில்லை.

எங்களை வெளியே கொண்டு வந்தது மூன்று மீனவர்கள், ஒரு கயிறு, இரண்டு காலி எண்ணெய் கேன்கள். பதினோரு பேரும் பிழைத்தோம். உன் அப்பாவின் கண்ணாடி போயிற்று. சித்தப்பாவின் வேட்டி போயிற்று; அந்தப் பகுதியை மட்டும் அவர் எந்தக் கல்யாணத்திலும் சொல்வதில்லை. மீனவர்களில் இளையவர், டில்லி என்று பெயர், மூச்சு வாங்கிக்கொண்டே எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாமா இது? கைய கோத்துகினா கடலு பயந்துகினு ஓடிடுமா? நீச்சத் தெரிஞ்ச எங்களுக்கே அந்தாண்ட போக ஒதறும். மால மாதிரி கோத்துகினு வந்து எறங்குறீங்களே!" எலுமிச்சம்பழச் சோற்றை மட்டும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

பிறகு குடும்ப விசாரணை நடந்தது. மூன்று காரணங்கள் கண்டறியப்பட்டன. அன்று அஷ்டமி. கிளம்பும்போது யாரோ தும்மினார்கள். மூன்றாவதும் முக்கியமானதும், பெற்ற தாய் பிள்ளையின் கையை விட்டுவிட்டாள். பதினோரு பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது என்பது இணைப்பில்கூட வரவில்லை. அந்த இடத்தை ஊர்க்காரர் ஒருவரிடம்கூடக் கேட்காமல் இறங்கினோம் என்பதும் வரவில்லை. வேண்டுமென்றே விட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கை வழுக்கிய அம்மாவை மன்னிப்பார்கள்; கையை எடுத்த அம்மாவை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அதனால் கவனக்குறைவு என்ற பழைய காரணத்திலேயே கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தக் கதை பாயசத்துக்கு முன்னால் பரிமாறப்படுகிறது. நீயும் பெரியவனாகிச் சிரிக்கக் கற்றுக்கொண்டாய்.

இது என் முதல் தவறு. இரண்டாவது இதைவிடப் பெரியது. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் கோடை நீச்சல் பயிற்சிக்குத் தாள் கொடுத்தனுப்பினார்கள். 'விருப்பமில்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். நீ கேட்கவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. உன்னைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். தண்ணீர் அப்படியேதான் இருந்தது. நான் செய்ததெல்லாம், முப்பது வயதில் இடுப்பளவு கடலில் நின்று படமெடுத்துக்கொள்ள ஆசைப்படும், ஆனால் மூழ்க மட்டுமே தெரிந்த ஓர் ஆண்மகனை வளர்த்தது. அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கையை விட்டதற்குக் கேட்க மாட்டேன். அதே அலை, அதே மணல், அதே எட்டு வயதுக் கை மறுபடி வந்தாலும் விடுவேன். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே விடுவேன்.

தொழிற்சாலையின் எங்கள் பிரிவை மூடியபோது எனக்கு ஐம்பத்து மூன்று. வேலப்பன்சாவடிப் பக்கம் நீச்சல்குளத்தில் பதினொரு மணிக்குப் பெண்கள் வகுப்பு என்று பார்த்துச் சேர்ந்தேன். முழங்கால் வரை நீளும் கறுப்பு உடையில் நான் வீட்டு அறையிலிருந்து வெளியே வந்த முதல் நாள், உன் அப்பா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சர்க்கஸ்ல சேர்ந்த மாதிரி இருக்க. ஆனா நல்ல சர்க்கஸ்," என்றார். சொல்லிக்கொடுத்தவள் பிரின்சி என்று அம்பத்தூர்ப் பெண். அவளுக்கு இருபத்தாறு வயதுகூட ஆகியிருக்காது. நான் தண்ணீரில் இறங்கியதும் இருபது வருடக் கோபத்தையெல்லாம் கையாலும் காலாலும் காட்டினேன். அவள் குளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, "ஆண்ட்டி, தண்ணி உங்கள இன்னா பண்ணுச்சு? ஏன் போட்டு அடிச்சிகினே கீறீங்க? சும்மா படுங்க, அது தூக்கும்," என்றாள். சும்மா படுக்க எனக்குப் பத்து நாள் ஆயிற்று. தலையைப் பின்னால் சாய்த்து, காது தண்ணீருக்குள் போக, வயிற்றை வானத்துக்குக் காட்டி, ஒன்றும் செய்யாமல் மிதந்த அந்த முதல் நிமிடத்தில் எனக்கு ஓர் உண்மை தெரிந்தது. அன்று கடலில் நாங்கள் பத்துப் பேரும் இதை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதும். மிதந்துகொண்டு, கையை உயர்த்திக் காட்டிக்கொண்டு, கயிறு வரும்வரை காத்திருந்திருக்கலாம். நாங்கள் மூழ்கப் பார்த்ததே பிழைக்கப் போராடியதால்தான்.

குளத்தில் ஒரு வருடம் நீந்திய பிறகு அந்தக் குப்பத்துக்குப் போய் டில்லியைத் தேடினேன். தலை நரைத்து, அலைச்சறுக்குப் பலகை சொல்லிக்கொடுப்பவராக மாறியிருந்தார். என் முகம் அவருக்கு நினைவில்லை. பதினோரு பேர், கை கோத்தவர்கள் என்று சொன்னதும் நிமிர்ந்தார். "அய்யோ, அந்த மால கோஷ்டியா!" என்று சிரித்தவர் என்னை உற்றுப் பார்த்து, "ஒரு அம்மா புள்ள கைய உட்டுச்சே, அது நீயாமா?" என்றார். "வழுக்கிடுச்சுப்பா," என்றேன், பழக்க தோஷத்தில். "யார்கிட்ட ரீல் உடுற? நான் மேல பாறையாண்ட நின்னுகினு பாத்துகினே இருந்தேன். நீயா உட்ட. அதனாலதான் அந்தப் புள்ள கரையில கெடந்துச்சு. நான் இங்க வர்றவன் போறவனுக்கெல்லாம் சொல்றேன், பத்துப் பேரு கையப் புடிச்சிகினாங்க, ஒரு அம்மாவுக்கு மட்டும்தான் மூள வேல செஞ்சுதுன்னு." மணலில் உட்கார்ந்து அழுதேன். அவர், "அழுதுட்டு வா, கடலு இன்னிக்கு நல்லா கீது. எறங்கலாம்," என்றார்.

மூன்று வருடமாக அவர் சொல்லிக்கொடுத்ததில் நீச்சல் கால் பங்குகூட இல்லை. முக்கால் பங்கு, கரையில் நிற்பது. போனதும் இறங்க விடமாட்டார். கால் மணி நேரம் கடலைப் பார்க்கச் சொல்வார். எங்கே உடைகிறது, எங்கே உடையாமல் கறுத்திருக்கிறது, நுரை எந்தப் பக்கம் நகர்கிறது. நான் தனியாக ஒருநாளும் இறங்குவதில்லை. தலையில் கிளிப்பச்சைத் தொப்பி, இடுப்பில் கயிற்றோடு ஓர் ஆரஞ்சு மிதவை. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பூசணிக்காயைக் கட்டி இழுப்பது போல இருக்கும். அழகுக்காக அல்ல, படகுக்காரர் கண்ணில் பட. பாறைக்குப் பக்கத்தில் போவதில்லை. கரைக்கு இணையாக நீந்துவேன். உன் அப்பா விசிலும் துண்டும் காப்பிக் குடுவையுமாகக் கரையில் கூடவே நடப்பார். இழுப்பில் மாட்டினால் எதிர்த்து நீந்தக் கூடாது. படுத்து மிதந்து மூச்சை நிதானப்படுத்தி, கையை உயர்த்தி, பிறகு பக்கவாட்டில் விலக வேண்டும். அடுத்தவர் மாட்டினால் பின்னால் குதிக்கக் கூடாது. மிதப்பது எதையாவது தூக்கிப்போட்டுவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். இதைத்தான் நம் ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. குதிக்காமல் நிற்பவனை நாம் கல்நெஞ்சன் என்போம். குதித்து இரண்டாவது பிணமாக வருபவனுக்குக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வைப்போம்.

என் நீச்சலில் நான் நினைத்துப் பெருமைப்படுவது நீந்திய தூரத்தை அல்ல. நீந்தாமல் திரும்பிய நாட்களை. பூந்தமல்லியிலிருந்து மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலையில் குலுங்கி, ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து, கடலைப் பார்த்துவிட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறோம். ஒருமுறை வானத்தில் ஒரு மேகம் இல்லை, காற்றில்லை. டில்லி மட்டும் உதட்டைப் பிதுக்கினார். எங்கோ தூரத்துப் புயல் கிளப்பிய அலை, அது கள்ளக்கடல், சொல்லாமல் வரும் என்றார். "இன்னிக்கு வாணாம்மா. கடலு எங்கியும் பூடாது, நாளைக்கும் இங்கதான் கீது. நீயும் இருக்கணும்ல?" பெட்ரோல் வீண் என்று உன் அப்பாகூடச் சொல்லவில்லை. உன் புகைப்படக்காரர் அப்படித் திரும்புவாரா? விடியற்காலை மூன்று மணிக்கு முகத்துக்கு ஒப்பனை போட்டுக்கொண்டு வந்த மணப்பெண்ணிடம், "இன்று கடல் சரியில்லை," என்று சொல்லும் துணிச்சல் அங்கே யாருக்கு இருக்கும்? உனக்கு இருக்குமா?

திவ்யாவுக்கு இருக்கிறது. இதை நான் உனக்குச் சொல்லக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டாள். சொல்லாமல் இருக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்த வீட்டில் ஏற்கெனவே ஓர் ஒளிவுமறைவு இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் மாங்காட்டிலிருந்து அவளே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, "அத்தை, எனக்கு அந்தத் தண்ணி ஷாட் நெனச்சாலே பயமா இருக்கு. உங்க புள்ளைகிட்ட சொன்னா, என் கையப் புடிச்சுக்கோ, நான் பாத்துக்கறேன்னு சொல்றாரு. அவருக்கே நீச்சல் தெரியாதே? அப்ப யாரு யாரைப் பாத்துக்கறது?" என்றாள். நம் குடும்பத்தில் இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவளுக்குத் தோசை வார்த்துக் கொடுத்துவிட்டு மறுநாள் குளத்துக்குக் கூட்டிப் போனேன். நான்காம் நாள் மல்லாந்து மிதந்தாள். "ஆண்ட்டிக்குப் பத்து நாளு. மாமியார ஜெயிச்சிட்டீங்கக்கா," என்று பிரின்சி விசிலடித்தாள். குளத்தில் மிதப்பவள் கடலில் இறங்கிவிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதை நான் சொல்வதற்கு முன் அவளே சொன்னாள். அவளைக் கட்டிக்கொள்வதற்கு உனக்கு என்ன தகுதி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகவே, உன் தடைக்கு என் பதில். வரும் ஞாயிறு மட்டுமல்ல, கல்யாணத்துக்கு முன் வரும் எல்லா ஞாயிறும், கடல் நன்றாக இருந்தால், நீந்துவேன். சித்தப்பா இனி அந்தக் கதையைச் சொல்ல விரும்பினால் வேட்டியோடு சேர்த்துச் சொல்லட்டும். இல்லையென்றால் நான் சொல்வேன். சனிக்கிழமைப் படப்பிடிப்புக்கு நானும் வருகிறேன், என்னை நீ அழைக்கவில்லை என்பது தெரிந்தே. டில்லியிடம் பேசிவிட்டேன், கயிறும் பலகையுமாக ஆறு மணிக்கு நிற்பார். கவுன் காய்ந்த மணலைத் தாண்டாது. பாறைப் பக்கம் யாரும் போக மாட்டீர்கள். கடல் இடம் கொடுத்தால் திவ்யா கவுனை மாற்றிப் புடவை கட்டி, அதை ஒரு சாண் தூக்கிக்கொண்டு கணுக்கால் நனைப்பாள். படம் அதுவும் அழகாகத்தான் வரும். உன் புகைப்படக்காரருக்கும் தொலைபேசியில் சொன்னேன். "மேடம், சார் ஓகே சொல்லிட்டாரே," என்றார். சாரைப் பெற்றவள் ஓகே சொல்லவில்லை என்றேன்.

அன்றும் கால் மணி நேரம் கடலைப் பார்ப்போம். டில்லி தலையை ஆட்டினால், விளக்குகளையும் ஒப்பனைப் பெட்டியையும் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லோரும் கிளம்புகிறோம். நீ உன் மாமனார் எதிரில், மைத்துனன் எதிரில், படக்காரர்கள் எதிரில் என்மேல் எரிந்து விழுவாய். விழு. வண்டியில் என்னோடு பேசாதே, நிச்சயமாகப் பேசாதே. கல்யாணம் வரைக்கும்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள். எனக்கு ஒன்றும் கவலையில்லை. கோபத்தோடு இருக்கிற மாப்பிள்ளையை மணையில் உட்காரவைக்க எனக்குத் தெரியும்.